பள்ளம் சார்

மழை வந்தால் வீட்டைவிட்டு வெளியே ஓடுகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவரும் நேராக எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தார்.

பிள்ளையார்பாளையத்துக்குப் பின்னால், கால்வாய்க் கரையை ஒட்டி, பட்டா இல்லாத ஒற்றைத் தெரு எங்களுடையது. தகரக் கூரை, வீட்டுக்கு வீடு குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துதான் நெய்ய வேண்டும். மழை பெய்தால் தெருத் தண்ணீர் மொத்தமும் அந்தக் குழிகளைத் தேடி வரும். தெருவிலேயே தாழ்ந்த வீடு என்னுடையது என்பதால் முதல் மரியாதை எனக்கு. போன மழைக்குத்தான் தறியில் ஏற்றியிருந்த நெடுக்கு நூல், ஒரு பாவு முழுக்க நனைந்து வீணாய்ப் போயிருந்தது. இன்னொரு முறை நனைந்தால் தறியையே கழற்றிவிடுவது என்றிருந்தேன்.

அப்போது ஒரு தொண்டு நிறுவனம் இவரை அனுப்பியது. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்றார்கள். பங்களாவுக்குப் புல் வைக்கிறவருக்கு இங்கே என்ன வேலை என்று நாங்கள் சிரித்தோம். சாரோ தூறல் விழுந்ததும் குடையை எடுத்துக்கொண்டு ஓடுவார். அதை விரிக்க மட்டும் மறந்துவிடுவார். தெருவில் குனிந்து, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று நோட்டில் கிறுக்குவார். நோட்டும் நனைந்துவிடும்.

மழை இல்லாத நாளில் என்ன செய்வது? ஒரு வெள்ளிக்கிழமை காலை, சாயப் பட்டறையில் மிச்சமான சிவப்புச் சாயத்தை ஒரு குடம் வாங்கிவந்து, தெருமுனை முச்சந்தியில் ஊற்றினார். அது ஓடுகிற பக்கமெல்லாம், அடிகளை முணுமுணுவென்று எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தார். முச்சந்தியில் சிவப்புத் தண்ணீர் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். திருஷ்டி கழித்த தண்ணீரை யார் தாண்டுவார்கள்? பால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். டீ குடிக்கப் போன நான் கால்வாயைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பினேன். எதிர்வீட்டு தனம் அக்கா மட்டும்தான் தைரியமாக வாசலில் நின்று கேட்டார்.

"இன்னா சார், யாருக்காக இத ஊத்திக்கினு போறீங்க?"

"உங்க எல்லாருக்காகவும்தாம்மா" என்றார் சார், முகமெல்லாம் மலர.

அன்று மாலை தெருவில் நான்கு பூசணிக்காய்கள் உடைந்தன. துண்டுகள் எந்தப் பக்கம் உருண்டன என்று சார் அதையும் குறித்துக்கொண்டார்.

ஒரு வழியாக வரைபடம் வந்தது. தெருக்கோடியில் நாங்கள் குப்பை கொட்டுகிற காலி இடத்தைத் தோண்டிப் பள்ளமாக்கி, கல்வாழையும் வெட்டிவேரும் நட்டு, மழைத் தண்ணீரையெல்லாம் அங்கே திருப்ப வேண்டுமாம். தெரு நடுவில் வரிசையாகப் புங்க மரங்களாம். சிமென்ட் ரோடு கேட்டுக்கொண்டிருந்த தனம் அக்கா கொதித்துப்போனார்.

"ஊர்ல பள்ளத்த மூடுவாங்க சார். நீங்க இன்னாடான்னா தோண்டச் சொல்றீங்க. நடுவுல மரத்த நட்டுட்டா பாவ எங்க நீட்டறது, உங்க தலமேலயா?"

மறுநாள் விடியற்காலையில், தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவை நீட்டியபோது, அக்கா ஒரு முனையைச் சாரின் கையில் கொடுத்து நிற்கவைத்துவிட்டார். இரண்டு மணி நேரம். மூக்கைக்கூடச் சொறியாமல் நின்றார் மனிதர். வெயில் ஏறியதும் பாவைச் சுருட்டினோம். சார் நேராகப் போய் வரைபடத்தில் நடுத்தெரு மரங்களை அழித்து, பாவு பிடிக்கிறவர் தலையில் நிழல் விழுகிற மாதிரி ஓரத்துக்கு மாற்றினார். முதல் மண்வெட்டியை எடுத்தது தனம் அக்காதான். அப்புறம் தெருவே இறங்கித் தோண்டியது. பள்ளம் சார் என்ற பெயரும் அப்போது வந்ததுதான்.

ஐப்பசியில் ஒரு பகல் வானம் பொத்துக்கொண்டது. என் தறியில் கல்யாணப் புடவை ஒன்று பாதியில் இருந்தது. வாளியோடு குழிக்குள் இறங்கி நின்றேன். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, ஒரு சொட்டு வரவில்லை. சந்தேகப்பட்டு வெளியே ஓடினேன். மொத்தத் தெருவும் மழையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் சொன்னபடி கேட்டு, கல்வாழைகளுக்கு நடுவே போய் நிறைந்துகொண்டிருந்தது. முழங்கால் ஆழத்தில் சார். சளி பிடிக்கும் என்று தனம் அக்கா கரையில் நின்று திட்டிக்கொண்டிருந்தார்.

சார் என்னைத்தான் பார்த்தார். "உங்க குழி?"

"காஞ்சுதான் கெடக்குது சார்."

அவர் அப்படியே அந்தச் சேற்றுத் தண்ணீரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் இறங்கி அவரை ஒட்டி உட்கார்ந்தேன். கூடப் பிறந்த அண்ணன் பக்கத்தில்கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை.