பாதுகாவலர் கையெழுத்து

"அப்பா கையெழுத்து இல்லாம இந்த ஃபார்மை நான் வாங்க முடியாதும்மா" என்றார் கல்லூரி அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னல்காரர்.

"சார், எனக்கு வயசு நாப்பத்தாறு."

"இருக்கட்டுமே. மாணவி கையெழுத்து, அதுக்குக் கீழ பெற்றோர் கையெழுத்து. மாணவி போட்டாச்சு. பெற்றோரைக் காணோம்."

"அவங்க காணாமப் போயி பத்து வருஷம் ஆச்சு சார். ரெண்டு பேருமே தவறிட்டாங்க."

"அப்படியா, பாவம். சரி, ரெண்டு இறப்புச் சான்றிதழ் கொண்டாங்க."

கல்லூரியில் அவளுக்கு மருந்தக்கா என்று பெயர். கூடப் படிக்கிற பிள்ளைகள் வைத்தது. இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்பவள். கோழி கிளறியது போன்ற டாக்டர்களின் கையெழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு படிப்பாள். சில டாக்டர்களே தாங்கள் எழுதியது என்னவென்று போன் செய்து அவளிடம் கேட்பதுண்டு. ஆனால் போன வருடம் கடை முதலாளி அவளைக் கூப்பிட்டு, "சட்டம் கடுமையாயிடுச்சும்மா. படிச்ச சான்றிதழ் இல்லாதவங்க கவுண்டர்ல நிக்கக் கூடாதாம். மூணு வருஷம் டைம் தரேன்" என்று சொல்லிவிட்டார். மறு மாதமே கல்லூரியில் மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்துவிட்டாள். வகுப்பு நேரம் போக மீதி நேரமெல்லாம் கடைதான்.

பாதி ஃபீஸுக்கு பேங்க் கடன், மீதிப் பாதிக்குக் கல்லூரியின் உதவித்தொகை. முதல் வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாம் வருடம் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது. உதவித்தொகை முடிவானால்தான் பேங்க் இந்த வருடக் கடனை விடுவிக்கும். அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் இரண்டும் வராவிட்டால் பரீட்சைப் பட்டியலில் பெயர் இருக்காது.

மறுநாள் இரண்டு சான்றிதழ்களையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜன்னல்காரர் தட்டினார். "முடிஞ்சுதும்மா. நிம்மதியா போங்க."

நிம்மதி மூன்று நாள் இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கடையில் நிற்கும்போது போன் வந்தது.

"மாணவியர் விடுதி வார்டன் பேசறேன். மணி ஏழாச்சு. எங்க இருக்கே நீ?"

"கடையில இருக்கேன். நீங்க யாரைத் தேடறீங்க?"

"உன்னைத்தான். பதினாலாம் நம்பர் கட்டில் மூணு நாளா காலியா கெடக்குது. யாரைக் கேட்டு வெளியே போனே? பின்னாடி ஆம்பளைக் குரல் கேக்குதே, யாரது?"

"இருமல் மருந்து வாங்க வந்தவர் மேடம்."

"முப்பது வருஷமா வார்டனா இருக்கேன். இந்த மாதிரி எத்தனை இருமலைப் பாத்திருப்பேன்! அரை மணியில வந்து சேரணும்."

விஷயம் மறுநாள்தான் புரிந்தது. தாயும் தகப்பனும் இல்லை என்றதும் கம்ப்யூட்டர் அவளை ஆதரவற்ற மாணவிகள் பட்டியலில் சேர்த்து, விடுதியில் கட்டிலும் ஒதுக்கி, அந்தக் கட்டணத்தையும் சாப்பாட்டுக் கட்டணத்தையும் ஃபீஸோடு கூட்டிவிட்டிருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். உதவி கேட்டுப் போனவள் உபத்திரவத்தை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"இதை எப்படி சார் எடுக்கறது?"

"பாதுகாவலர்னு ஒருத்தரைக் காட்டணும். வீட்டுல சம்பாதிக்கிற ஆள் வேற யாராவது இருக்காங்களா?"

"என் பையன் இருக்கான்."

"அவர் கையெழுத்துப் போட்டாருன்னா நீங்க அநாதை இல்லை."

மகனுக்கு இருபத்திரண்டு வயது. பார்சல் கம்பெனியில் வேலை. நான்கு வருடத்துக்கு முன்னால் அப்பா திடீரென்று இறந்தபோது, காலேஜில் சேர்ந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது அவனுக்கு. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனான். அது அவளுக்கு ஆறாத புண். போன வருடம்கூடச் சொல்லிப் பார்த்தாள்: "நீ திரும்பப் படிக்கிறேன்னு சொல்லுடா, நான் அன்னைக்கே நின்னுடறேன். ரெண்டு பேர் ஃபீஸை இந்த வீடு தாங்காது." அதன் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆறு மாதமாக ஓவர்டைம் வேறு பார்க்கிறான். வீடு திரும்ப ஒன்பதரை ஆகிவிடுகிறது.

ஃபார்மை வரி விடாமல் படித்தான். "மாணவியின் ஒழுக்கத்துக்கு நான் பொறுப்புன்னு போட்டிருக்கும்மா. ஒழுக்கம் எப்படி?"

"கையெழுத்தைப் போடுடா!"

போட்டான். அநாதைப் பட்டம் போனது. ஆனால் அன்றிலிருந்து கல்லூரி அனுப்புகிற குறுஞ்செய்தி எல்லாம் நேரே பாதுகாவலரின் போனுக்குப் போக ஆரம்பித்தது. 'தங்கள் பொறுப்பில் உள்ள மாணவி இன்று இரண்டாம் வகுப்புக்கு வரவில்லை.'

ஒன்பதரைக்கு வந்தவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தான்.

"ரெண்டாவது வகுப்புல எங்க போனே?"

"கடைக்குச் சரக்கு வந்துச்சுடா. எண்ணி வைக்கப் போனேன்."

"நேத்தும் போகலை. வேதியியல்ல இருபதுக்கு ஒம்பது. மனசு படிப்புல இல்லைன்னு நல்லாத் தெரியுது."

"பெத்தவகிட்ட பேசற பேச்சாடா இது?"

"இப்போ பேசறது கார்டியன். அம்மாவை நடுவுல இழுக்காதே."

அவள் தட்டை நங்கென்று வைத்தாள். அவன் சாப்பிட்டுவிட்டு வேதியியல் புத்தகத்தை அவள் முன்னால் விரித்து வைத்துவிட்டுத்தான் படுக்கப் போனான்.

பாதுகாவலர் வந்தால் அவர் சம்பளமும் கூடவே வரும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மகன் சம்பளத்தையும் அவள் சம்பளத்தையும் கூட்டியதும் கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் 'தகுதி இல்லை' என்றது.

"கொஞ்சம்தாம்மா தாண்டுது" என்றார் ஜன்னல்காரர். "உங்க சம்பளம் பாதியா இருந்தா கிடைச்சிருக்கும். அரை நாள் வேலைன்னு முதலாளிகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்களேன்."

முதலாளி தங்கமான மனிதர். கேட்ட மாத்திரத்தில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். உதவித்தொகை ஒருவழியாக முடிவானது. முதல் தேதி சம்பளக் கவரைப் பிரித்து எண்ணியவள் நேரே முதலாளியிடம் ஓடினாள்.

"சார், பாதிதான் இருக்கு!"

"லெட்டர்ல பொய் எழுதலாமாம்மா? நாளைக்கு யாராவது விசாரிச்சா நமக்குக் கெட்ட பேரு. அதனால நிஜமாவே பாதியாக்கிட்டேன்."

"அப்போ வேலையும் அரை நாள்தானே சார்?"

"வேலையைப் பத்தி லெட்டர்ல எழுதியாச்சு. அது போதும். கடையில கூட்டம் இருக்கே, பாருங்க."

அந்தக் கடிதத்தின் நகல் பேங்குக்கும் போனது. மறுநாளே மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"அரைச் சம்பளக்காரங்களுக்கு எப்படிம்மா கடன் தர்றது? திருப்பிக் கட்ட உங்களால முடியும்னு நாங்க நம்பணும் இல்லையா?"

"சார், அங்கே போனா நீ போதுமான ஏழை இல்லைங்கறாங்க. இங்கே வந்தா போதுமான பணக்காரி இல்லைங்கறீங்க. நான் எந்த வாசல்ல எந்த வேஷம் போடணும், அதையாவது எழுதிக் குடுங்க."

மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கோவப்படாதீங்க. உங்க கார்டியன் நேர்ல காலேஜுக்கு வந்து, கடனுக்கு நான் ஜாமீன்னு எழுதி, காலேஜ் முத்திரையோட அனுப்பினா முடிச்சுடலாம். இருபதாம் தேதி கடைசி."

இருபதாம் தேதி சாயங்காலம் அவனை இழுத்துக்கொண்டு போவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"நான் எதுக்கும்மா? நீயே குடுத்துட்டு வா."

"ஊரெல்லாம் எனக்குக் கார்டியன்னு சொல்லிக்கத் தெரியுது, ஒரு ஜன்னல்ல வந்து நிக்க முடியாதா?"

வந்தான். தொப்பியைப் புருவம் வரைக்கும் இறக்கிக்கொண்டு, முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு, அறிவிப்புப் பலகையின் மறைவில் நின்றான். மூன்றாம் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் மறைந்துகொண்டான்.

"ஏன்டா கொள்ளையடிக்க வந்தவனாட்டம் பதுங்கறே?"

"தூசி ஒத்துக்காதும்மா."

அதுவரை ஃபார்மில் அவன் பெயரும் கையெழுத்தும் போன் நம்பரும்தான் இருந்தன. ஜன்னல்காரர் இப்போது அவனுடைய அடையாள அட்டையை வாங்கி எண்ணைத் தட்டினார். நெற்றியைச் சுருக்கினார். இன்னொரு தடவை தட்டினார்.

"ஏத்துக்க மாட்டேங்குதே! 'இவர் பாதுகாவலராக இருக்க முடியாது'ன்னு வருது."

"கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும் சார்" என்றான் மகன் அவசரமாக. "நாங்க நாளைக்கு வரோம். வாம்மா, போலாம்."

"நாளைக்கு வந்து என்னடா பண்றது? இன்னைக்குத்தானே கடைசி!"

அவளுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"இவன் ஏன் சார் கார்டியனா இருக்க முடியாது? நாலு வருஷமா இந்த வீட்டைக் காப்பாத்தறவன் இவன்தான். கையில வந்த படிப்பை எனக்காகத் தூக்கிப் போட்டுட்டு மூட்டை சுமக்கப் போனவன். ராத்திரி ஒம்பதரை வரைக்கும் ஓவர்டைம் பாக்கறான். படிக்க வேண்டிய பிள்ளையை வேலைக்கு அனுப்பிட்டு, வேலைக்குப் போற கிழவி நான் பையைத் தூக்கிக்கிட்டு வகுப்புக்குப் போறேன். நினைச்சா எனக்கே வெக்கமா இருக்கு!"

"அம்மா, சும்மா இரும்மா" என்று கெஞ்சினான் அவன். காது வரை சிவந்திருந்தது.

"நீ பேசாதே. சார், எனக்கு இந்தக் கடனும் வேணாம், உதவியும் வேணாம். என் பேரை அடிச்சிடுங்க. கவுண்டர் போனா போகட்டும், நான் வேற எங்கயாவது பிழைச்சுக்கறேன். எனக்குன்னு இருக்கற இடத்துல இவனைச் சேத்துக்குங்க."

ஃபார்மை எடுத்துக் குறுக்கே கிழிக்கப் போனாள். வரிசையில் பின்னால் நின்ற பிள்ளைகள் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஜன்னல்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகன் அவள் கையைப் பிடித்து ஃபார்மைப் பிடுங்கிக்கொண்டான்.

மாலை வகுப்பு அறைகளைத் திறப்பதற்காகச் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்த கடைநிலை ஊழியர் அவள் பேசியதைக் கேட்டு நின்றார். மகனை ஏற இறங்கப் பார்த்தார். அவன் முகத்திலிருந்த மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டார்.

"அட, நம்ம தம்பியா! ஏம்மா, இவரைப் புதுசா எதுக்குச் சேக்கணும்? ஆறு மாசமா மாலை வகுப்புல முதல் பெஞ்சே இவருதுதானே! அது சரி சார், ஒரே வீட்டுல ரெண்டு பேர் இங்க படிச்சா ரெண்டு பேருக்கும் பாதி ஃபீஸ்தானே, அப்புறம் இவங்க எதுக்கு முழுசா அழுதுக்கிட்டு நிக்கிறாங்க?"