முகம் தெரியும் தரை

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையில், சூளகிரிக்கு இந்தப் பக்கம், ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி இருந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னால் மானநஷ்ட வழக்கு வரும், விட்டுவிடுவோம். அந்த ஆஸ்பத்திரியின் தரை சொரசொரப்பான பழைய சிமெண்டுத் தரை, வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. சேற்றுக் காலோடு வந்தாலும் சரி, வாளித் தண்ணீர் கவிழ்ந்தாலும் சரி, அந்தத் தரை ஒருவரையும் கீழே தள்ளியதில்லை. அதனால் அதைப் பற்றி யாரும் பேசியதும் இல்லை. யாரும் பேசாத ஒரு தரையை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி எப்படி முன்னுக்கு வருவது?

இந்தக் கவலை பெரிய டாக்டர் நாராயணப்பனை அரித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவருடைய மைத்துனர் பெங்களூரில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தார். போன இடத்தில் டாக்டர் மொசைக் தரையைப் பார்த்தார். கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்து, தேய்த்து, மெருகேற்றிய தரை. குனிந்தால் முகம் தெரிந்தது. தம் முகத்தை அவ்வளவு கீழே அவர் அதுவரை பார்த்ததில்லை, பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

ஊர் திரும்பியதும் மேலிடத்துக்கு எழுதினார். சுதந்திர பாரதத்தின் நோயாளிகள் பழைய தரையில் குணமடைவது தேசத்துக்கு அழகல்ல என்று வாதாடினார். மருந்து கேட்டால் வராத ஆஸ்பத்திரிக்கு மொசைக் வந்து இறங்கியது. மதராஸிலிருந்து ஒரு பெரிய மனிதர் எழுந்தருளி, ரிப்பன் வெட்டித் தரையைத் திறந்துவைத்தார். தரையை எப்படித் திறப்பது என்று கேட்கக் கூடாது. அவர் அதன்மேல் நடக்கவில்லை. ரிப்பனை வாசலிலேயே கட்டியிருந்தார்கள்.

அன்று எடுத்த போட்டோவில் முன்வரிசையில் தலை நிமிர்ந்து நிற்பவள் பிரசவ நர்ஸ் அருள்மேரி. இது அவளுடைய கதை. புதுத் தரை வந்ததில் டாக்டருக்கு அடுத்தபடி கர்வப்பட்டவள் அவள்தான். கெலவரப்பள்ளிப் பக்கத்துக் குடியானவப் பெண்கள் புழுதிக் காலோடு வந்தால் வாசலிலேயே மறிப்பாள்.

"இது என்ன உங்க ஊட்டுக் களமா? காலைக் கழுவிட்டு வாங்க" என்பாள். அவர்கள் கழுவிய ஈரக் காலோடு உள்ளே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

தினமும் காலையில் ஆயா முனிலட்சுமி தரையைப் பினாயில் தண்ணீர் விட்டுக் கழுவுவாள். பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைப்பாள். செருப்புக்கு அனுமதி இல்லை, கீறல் விழும். டாக்டர் வந்து வாசலில் நின்று குனிவார். முகம் தெரிந்தால் ஆஸ்பத்திரி சுத்தம். மீசையும் தெரிந்தால் மிகவும் சுத்தம். அப்புறம் அவர் நடப்பதற்கு ஜமக்காளம் விரிப்பார்கள். முன்னால் ஒரு பியூன் விரித்துக்கொண்டே போவான். பின்னால் ஒருவன் சுருட்டிக்கொண்டே வருவான். தரைக்குத் தேய்மானம் வரக் கூடாது என்பது டாக்டர் சொன்ன காரணம்.

ஜமக்காளம் இல்லாதவர்கள் விழ ஆரம்பித்தார்கள். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் திறப்பு விழாவிலேயே டாக்டர் சொல்லிவிட்டார்: "நிதானமா நடக்கத் தெரியாதவங்களுக்கு இங்க வேலை இல்லை." ஆகவே எல்லோரும் நிதானமாக விழுந்து, சத்தமில்லாமல் எழுந்து, வீட்டுக்குப் போய் எண்ணெய் தடவிக்கொண்டார்கள்.

அருள்மேரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மாதம்மாள் என்பவளுக்கு வலி கண்டிருந்தது. அருள்மேரி வெந்நீர்க் கெட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினாள். பிரசவ அறை வாசலில் கால் ஒரு பக்கம் போயிற்று, கெட்டில் ஒரு பக்கம் போயிற்று, மணிக்கட்டு இரண்டுக்கும் நடுவில் முறிந்தது. அவள் போட்ட அலறல் சாலையில் போன பஸ்ஸையே நிறுத்தியது. குழந்தை மட்டும் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், பக்கத்துக் கட்டில் பெண்களின் கையில் நல்லபடியாகப் பிறந்தது.

இத்தனை பேர் காதில் விழுந்துவிட்டதால் விசாரணை தவிர்க்க முடியாததாயிற்று. அருள்மேரி தற்காலிகமாக நீக்கப்பட்டாள். கேள்வி ஒன்றுதான்: அவள் தரையால் விழுந்தாளா, தன்னால் விழுந்தாளா? தன்னால் என்றால் வேலை போகும். வேலையோடு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அவளுக்குக் கொடுத்திருந்த ஒற்றை அறையும் போகும். புருஷன் செத்த பிறகு அவளுக்கு அதைவிட்டால் வேறு கூரை கிடையாது. அதை நினைக்கையில் மணிக்கட்டு வலி அவளுக்கு மறந்துபோகும்.

சேலத்திலிருந்து விசாரணை அதிகாரி ஜேம்ஸ் வந்தார். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு தரை முழுவதையும் பரிசோதித்தார். தரை உன்னதமான நிலையில் இருப்பதாகவும், கம்பிகள் மிகவும் உறுதியாக இருப்பதாகவும் கண்டறிந்தார்.

"விழுந்தது யாரும்மா?" என்று அருள்மேரியைக் கேட்டார்.

"நான்தானுங்க சார்."

"தரை எங்கயாவது விழுந்ததா?"

"இல்லைங்க."

"தரை அரசாங்கச் சொத்து. காலு யார் சொத்து?"

"என்னுதுதானுங்க."

"அரசாங்கச் சொத்து இருந்த எடத்துலயே இருக்குது. உன் சொத்துதான் நகர்ந்திருக்குது. புரியுதா?"

அருள்மேரிக்குப் புரிந்தது. ஆனாலும் சாட்சிகளை விசாரிக்கச் சொல்லிக் கேட்டாள். முழங்கையில் கட்டோடு கம்பவுண்டர் சின்னராஜ் வந்தார். அவரை மாடு முட்டிவிட்டதாம். நொண்டிக்கொண்டு வந்த சமையல்கார வெங்கடம்மாளுக்கு, பிறந்ததிலிருந்தே நடை அப்படித்தானாம். நெற்றி வீங்கிய தலைமைக் குமாஸ்தா, அது யோசனை அதிகமானதால் வந்த வீக்கம் என்றார். மூவரும் விழுந்ததை அருள்மேரி கண்ணால் பார்த்திருக்கிறாள். ஒருத்தியைத் தூக்கியும் விட்டிருக்கிறாள். பாவிகள், அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

தீர்ப்பை அமாவாசை கழித்துச் சொல்வதாக ஜேம்ஸ் ஒத்திவைத்தார். இதற்கிடையில், இனி இப்படி நேராதிருக்கும்பொருட்டு, விழுதல் தடுப்புத் திட்டம் ஒன்று அமலுக்கு வந்தது. முதலில் எச்சரிக்கைப் பலகை. எந்த மொழியில் எழுதுவது? ஓசூர் மதராஸோடு இருக்குமா, மைசூரோடு போகுமா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த சமயம் அது. தமிழில் எழுதினால் கன்னடக்காரர் கோபிப்பார்; கன்னடத்தில் எழுதினால் தெலுங்குக்காரர் கோபிப்பார். முடிவில் ஒன்றும் எழுதாமல் வெறும் பலகையை மாட்டினார்கள். அது எல்லோருக்கும் ஒரே மாதிரி புரிந்தது.

அடுத்து, ஹைஸ்கூல் டிரில் மாஸ்டரை வரவழைத்து, அங்கீகரிக்கப்பட்ட நடை ஒன்றைக் கற்பித்தார்கள். கையை விரித்து, முழங்காலை மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றும் நடை. பயிற்சி முழுவதும் வெளியே மண்ணில்தான் நடந்தது. உள்ளே பழகினால் தரை அழுக்காகிவிடும் அல்லவா? ஜுரத்தோடு வந்தவர்கள், மரத்தடியில் வாத்து மாதிரி நடந்துகொண்டிருந்த கம்பவுண்டரைப் பார்த்து, மருந்து வேண்டாமென்று திரும்பிப் போனார்கள்.

"இத்தனைக்கும் மேல இது திருஷ்டிதான் சார்" என்றார் தலைமைக் குமாஸ்தா. "இந்த மாதிரி தரை ஜில்லாவுலயே கெடையாது. ஊர்க் கண்ணு சும்மா இருக்குமா?"

டாக்டருக்கு அது விஞ்ஞானபூர்வமாகப் பட்டது. அமாவாசையன்று பெரிய பூசணிக்காயாகப் பார்த்து, குங்குமம் கொட்டி, கற்பூரம் ஏற்றிச் சுற்றி, வாசல் மொசைக்கில் ஓங்கி உடைத்தார்கள். சதையும் விதையுமாகத் தரையெங்கும் சிதறியது. உடைத்துத் திரும்பிய குமாஸ்தாவே அதில் கால் வைத்து முதலில் போனார். அவருக்குப் பின்னால் இரண்டு நோயாளிகள் போனார்கள். திருஷ்டி எவ்வளவு பொல்லாதது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று டாக்டர் கேட்டார். அடுத்த அமாவாசைக்கு இதைவிடப் பெரிய காயாக வாங்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் தீர்ப்பு. அருள்மேரி கழுத்துத் தூளியில் கையைத் தொங்கவிட்டு வந்து நின்றாள். ராத்திரியே தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டை கட்டிவிட்டிருந்தாள். அதிகாரி முன்னிலையில் முகம் நன்றாகத் தெரியவேண்டும் என்று, மண்ணெண்ணெயைத் தாராளமாகப் போடச் சொல்லியிருந்தார் டாக்டர். அதன்மேல் ஜமக்காளம் விரித்தார்கள். டாக்டர் கம்பீரமாக நடந்து வந்து, நடுக்கூடத்தில் நின்று, வழக்கம்போல் முகம் பார்க்கக் குனிந்தார்.

ஜமக்காளம் தனியாகப் புறப்பட்டது. டாக்டரும் அதோடு கொஞ்ச தூரம் போய், பிறகு அதை விட்டுப் பிரிந்து, கால் கீழே மடங்கக் கிடந்தார். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

ஒருவரும் அசையவில்லை. கம்பவுண்டர்தான் முதலில் சுதாரித்தார்.

"டாக்டர் மெருகைக் கிட்டக்க இருந்து பாக்கறாருங்க" என்றார்.

பெரியவர் கீழே இருக்கும்போது மற்றவர்கள் நிற்பது மரியாதை இல்லை என்று சொல்லி அவர் உட்கார்ந்தார். குமாஸ்தா உட்கார்ந்தார். சமையல்காரியும் பியூன்களும் உட்கார்ந்தார்கள். அருள்மேரியைத் தவிர, ஜன்னல் கம்பியை விடாமல் ஜேம்ஸ் மட்டும் நின்றிருந்தார். நடந்ததைப் பார்த்தும் கேளாமல் போனால் நாளைக்கு அவர் தலை உருளும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"டாக்டர் இப்ப விழுந்தாரா?"

டாக்டர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அருள்மேரியைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. நான் விழுந்தேனா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். தரை குற்றவாளி என்று ருசுவாகிவிடும். அருள்மேரிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் தரை குற்றவாளி என்றால், அதைத் திறந்துவைத்த மதராஸ் பெரிய மனிதரும் குற்றவாளி. அப்புறம் இன்னொரு விசாரணை வரும். மறுபடி கம்பவுண்டரை மாடு முட்டும். அதுவரை அவளுடைய ஒற்றை அறை காத்திருக்குமா? ஜன்னல் வழியாக அந்த ஓட்டுக் கூரை தெரிந்தது.

"இல்லைங்க சார். உக்காந்தீங்க."

டாக்டர் முகத்தில் அந்த வலியிலும் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப அன்னிக்கு நீ?"

"நானும் உக்காந்தேனுங்க. கொஞ்சம் வேகமா உக்காந்துட்டேன்."

ஜேம்ஸ் பெருமூச்சு விட்டார். விழுந்தவர் யாருமே இல்லாதபடியால் விசாரணை முடிவுற்றதாக அறிவித்து, கம்பியைப் பிடித்தபடியே வெளியேறினார். அருள்மேரி மூட்டையை அவிழ்த்தாள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. டாக்டர் பெங்களூரில் மைத்துனர் வீட்டு மொசைக்கில் ஊன்றுகோலோடு ஓய்வெடுத்தார். ஒருவர்கூட விழாத ஆஸ்பத்திரி என்று சேலத்திலிருந்து வெள்ளிக் கேடயம் வந்தது. அதைப் பார்த்து அக்கம்பக்கத்து ஆஸ்பத்திரிகள் மொசைக் கேட்டு எழுதின. பண்ணைக்காரர்கள் தங்கள் வீட்டுக் கூடத்தில் மொசைக் போட்டு, அங்கீகரிக்கப்பட்ட நடையையும் பழகிக்கொண்டார்கள். மொசைக் இல்லாத வீட்டில் பெண் கொடுக்க யோசித்தார்கள். எலும்பு கட்டுகிற வைத்தியர்கள் மாடி வீடு கட்டினார்கள். அவர்களும் கீழே மொசைக்தான் போட்டார்கள்.

டாக்டர் இல்லாத நாட்களில் காலையில் குனிந்து முகம் பார்க்கும் பொறுப்பு அருள்மேரிக்கு வந்தது. சரியாகக் கூடாத மணிக்கட்டோடு அவள் அதை ஒரு குறையும் இல்லாமல் செய்தாள். முகம் தெளிவாகவே தெரிந்தது. அப்படி ஒரு நாள் குனிந்திருக்கும்போது, அவளுக்குப் பின்னால் பெரிய சத்தம் கேட்டது. முனிலட்சுமி வெந்நீர்க் கெட்டிலோடு கிடந்தாள்.

"சிஸ்டர், விழுந்துட்டேனுங்க. இடுப்பு போச்சுங்க" என்று அழுதாள் அவள்.

அருள்மேரி சுற்றுமுற்றும் பார்த்தாள். கோணலாக நின்ற மணிக்கட்டை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

"வேலை நேரத்துல உக்காரக் கூடாதுன்னு உனக்கு எத்தனை தரம் சொல்றது?" என்றாள்.