சுகிர்தாவின் சீட்டுக்கட்டைக் கலைத்த விவகாரம்

அன்புத் தம்பி அன்புசெல்வனுக்கு, கவரைப்பேட்டையிலிருந்து அண்ணன் இம்மானுவேல் எழுதுவது. தேவ கிருபையால் முட்டிவலி தவிர இங்கு வேறு குறையில்லை. ஆரணியில் நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

உன் மகள் சுகிர்தாவிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனில் சொன்னாய். என்னைப் பேசவிடாமல் வைத்தும்விட்டாய். அதனால் எழுதுகிறேன்: கேட்க மாட்டேன்.

இரும்பு ஆலை கேன்டீனில் இருபத்திரண்டு வருடம் ரம்மியில் என்னை ஜெயித்தவன் கிடையாது. அதற்குக் கிடைத்த மரியாதை என்ன? சீட்டாடுகிறவன் உருப்பட மாட்டான் என்று பாஸ்டர் பிரசங்கத்தில் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதே பாஸ்டர் போன மாதம், நாகமும் பூதமும் அச்சடித்துக் கடையில் விற்கிற சீட்டுகளை ஆடிச் சென்னையிலும் பெங்களூரிலும் கோப்பை வாங்கிய உன் மகளுக்காக ஸ்தோத்திர ஜெபம் செய்கிறார். நானும் ஆமென் சொல்ல வேண்டியதாயிற்று. புதுவாயல் கூட்டுரோட்டில் பேனர் வேறு. அதில் அவள் ஆளுயரம். நான் கீழே, வாழ்த்துகிறவர்கள் வரிசையில், பஞ்சர் கடைக்காரருக்கும் அடுத்து, ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவில்.

சிங்கப்பூர் போட்டிக்குப் போகுமுன் ஆசீர்வாதம் வாங்க ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஒரு கை போடலாம் வா என்றேன். தன் பையிலிருந்தே சீட்டுக்கட்டை எடுத்தாள். அவரவர் சீட்டை அவரவரே பொறுக்கி அடுக்கி வீட்டிலிருந்து கொண்டுவரலாமாம், அதுதான் சட்டமாம். எங்கள் கேன்டீனில் ஒருவன் அப்படி வந்திருந்தால் கையை உடைத்திருப்போம். சரி, நானாவது கலைக்கிறேன் என்று வாங்கினால், ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. உறையோடு எவன் கலைப்பான்? அவள் காபி போட உள்ளே போன நேரத்தில் அறுபதையும் உரித்து, இரண்டாகப் பிரித்து, வில்லாக வளைத்து, சர்ரென்று விட்டேன். முழு ஷிப்டும் நின்று பார்த்த கலைப்பு அது.

டம்ளரோடு வந்தவள் மேல் சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னா பெரியப்பா பண்ணி வச்சிருக்கீங்க? ஒரு கார்டு வளைஞ்சினு இருந்தாலும் அடையாளம் வச்ச கார்டுன்னு வெளிய அனுப்பிடுவாங்க."

"எதிராளி கலைக்காத ஆட்டம் ஒரு ஆட்டமா?" என்றேன்.

"நான் ஜெயிக்கறது உங்களுக்குப் புடிக்கல, அதானே?" என்று கட்டை என் மடியில் வைத்துவிட்டு அழுதுகொண்டே போய்விட்டாள்.

வளைந்த சீட்டை முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கைப்பழக்கம். கைப்பழக்கத்துக்கெல்லாம் ஒருவன் மன்னிப்புக் கேட்க முடியுமா? நான் கேட்க மாட்டேன். அவள் ஆடுவது ஆட்டமும் இல்லை.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
இம்மானுவேல்

பி.கு.: அறுபது சீட்டையும் மூன்று நாள் அரிசி மூட்டைக்கு அடியில் வைத்து நிமிர்த்தி, உறையில் போட்டிருக்கிறேன். நிமிராத இரண்டுக்குச் சென்னை போய்ப் புதிது வாங்கிவந்தேன். அகராதியை வைத்துக்கொண்டு சீட்டுகளில் இருந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் படித்தேன். நீல நாகச் சீட்டைக் கடைசிவரை கையில் வைத்திருக்கிறாளாமே, தப்பு. மூன்றாவது சுற்றிலேயே இறக்கச் சொல். இதைத் தபாலில் போடவில்லை, உன் ஜன்னல் வழியாகத்தான் போடுகிறேன். வாசலில் நிற்கிறேன். அவள் கூப்பிட்டால் உள்ளே வருகிறேன்.