பலாமரத்தில் இருந்து என் குரல்

தன் குரலைக் கேட்டுத் தானே பயந்து ஓடியவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்க மாட்டார்கள். நான் ஓடியிருக்கிறேன். அதுவும் பட்டப்பகலில், எலக்ட்ரானிக்ஸ் படித்துத் தேறி, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாள்தான். சேலத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம் பெரியசாமி அண்ணனின் தோட்டத்துக்கு ஒரு எச்சரிக்கைக் கருவி செய்துதரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. குச்சிக்கிழங்கும் (மரவள்ளிக்கு அங்கே அதுதான் பேர்) மிளகும் போட்டிருந்தார். தோட்டத்துக்குப் போக ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். குறுக்கே, கைப்பிடிச் சுவர்கூட இல்லாத தரைப்பாலம். மேலே எங்கோ மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். அவருடைய கறவை மாடு ஒன்று அப்படித்தான் போயிருந்தது.

"மாட்டோட போச்சுங்க. அடுத்து ஆளு போயிறக் கூடாது" என்றார்.

ஓடையின் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சென்சார், மழைக்கு ஒன்று, மண் ஈரத்துக்கு ஒன்று, தோட்டத்தின் பின்பக்கம் கதவாக வைத்திருந்த மூங்கில் படலில் ஆள் நடமாட்டத்துக்கு ஒன்று. நாலும் கொட்டாயில் இருக்கும் பெட்டிக்குச் செய்தி அனுப்பும். பெட்டி அதை ஸ்பீக்கரில் சொல்லும். நாலு பேரும் ஒரே சமயத்தில் செய்தி அனுப்பினால் யாருடையதை முதலில் சொல்வது? அதை அந்தக் கணமே முடிவு செய்யும் புரோகிராம்தான் நான் எழுதியது. தண்ணீருக்கு ஒன்றாம் எண் கொடுத்தேன், அதற்குத்தான் முதலிடம் என்று. படலுக்குக் கடைசி எண், நாலு. அலுவலக மேசையில் ஒவ்வொரு சென்சாராகத் தட்டிப் பார்த்தேன். அருமையாகப் பேசியது.

பேசியது என் குரலில். சளி பிடித்திருந்த அன்று பதிவு செய்ததால், எனக்கு ஓர் அக்கா இருந்தால் எப்படிப் பேசுவாளோ அப்படி இருந்தது. (எனக்கு அக்கா கிடையாது.)

கருவியைத் தோட்டத்தில் மாட்டுகிற நாளில் என் வீட்டுக்காரர் சரவணனும் மலையைப் பார்க்க வேண்டும் என்று கூடவே காரில் வந்தார். வந்தவருக்கு வேலை இல்லை. பெரியசாமி அண்ணனோடு சோளக்காடு சந்தைக்கு அன்னாசிப்பழம் வாங்கக் கிளம்பிவிட்டார். அவர்கள் போன பிறகுதான் இரண்டாவது ஸ்பீக்கரைத் தரைப்பாலத்தைத் தாண்டி அக்கரைப் பலாமரத்தில் கட்டினேன். பாலத்தில் இறங்குகிறவர்களுக்கும் காதில் விழட்டும் என்று.

சாப்பாட்டுக்கு மேல் மேகம் இறங்கியது. கொட்டாயைச் சுற்றி இருந்த மரங்கள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. நானும் பெரியசாமி அண்ணனின் மனைவி பொன்னம்மா அக்காவும் மட்டும் இருந்தோம். பெட்டி பேசியது.

"பின்படலில் ஆள் வந்திருக்கிறார்."

"பாத்தீங்களாக்கா" என்றேன் பெருமையாக. அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். யாரும் இல்லை. உட்காருவதற்குள் மறுபடி அதே வாக்கியம். மறுபடியும். மூச்சு விட்டு மூச்சு வாங்கி அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏங் கண்ணு, ஆளு நிக்கறாங்கன்னு சொல்லுது. ஆளைக் காணமே?"

"பூனை கீனையா இருக்கும்க்கா." (பூனைக்கு எட்டாத உயரத்தில்தான் மாட்டியிருந்தேன். அதை நான் சொல்லவில்லை.)

"நான் இனிப் போவலீங்க" என்று அக்கா அடுப்புப் பக்கம் நகர்ந்துகொண்டார். இன்ஜினியர் நான்தானே. போனேன்.

மிளகுக் கொடிகளில் இருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் தவிர வேறு எதுவும் இல்லை. படல் கம்பி போட்டுக் கட்டியபடியே இருந்தது. ஈர மண்ணில் அக்காவின் கால் தடம் மட்டும். அப்போது எனக்குப் பின்னால், மேகத்துக்குள் இருந்து, "பின்படலில் ஆள் வந்திருக்கிறார்" என்றது. என்னைத்தான் சொல்கிறது என்று புத்திக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை. ஒரு நொடி கழித்து அதே குரல் தூரத்தில், கீழே இருந்தும் கேட்டது. பலாமரத்தில் ஸ்பீக்கர் கட்டியதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"யாரது?" என்று கத்தினேன். என் சொந்தக் குரல் அந்த இரண்டையும்விடக் கேவலமாக ஒலித்தது.

ஓடினேன். படல் சென்சாரின் வயர் காலில் சுற்றிக்கொண்டது. குச்சிக்கிழங்குக் காட்டில் குப்புற விழுந்தேன். வயர் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. எல்லாம் அமைதியானது. பிறகு பெட்டி வேறொன்றைச் சொல்ல ஆரம்பித்தது.

"ஓடையில் தண்ணீர் ஏறுகிறது. பாலத்தில் இறங்காதீர்கள். ஓடையில் தண்ணீர் ஏறுகிறது. பாலத்தில் இறங்காதீர்கள்."

நிறுத்தவே இல்லை. சேற்றில் படுத்தபடியே எனக்கு விளங்கியது. இந்தச் செய்தி இப்போது வந்ததல்ல. எப்போதோ வந்து, படல் பேசி முடிக்கட்டும் என்று உள்ளே காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் பயன்படுத்திய மென்பொருளில் எண் பெரிதாக இருந்தால்தான் முன்னுரிமை. படலை ராணியாக்கிவிட்டுத் தண்ணீரைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருக்கிறேன்.

சரவணன் திரும்பி வருகிற நேரம்.

செருப்பை விட்டுவிட்டுக் கீழே ஓடினேன். தண்ணீரின் இரைச்சல் முதலில் கேட்டது. தரைப்பாலத்தைக் காணவில்லை, செம்மண் நிறத்தில் தண்ணீர்தான் ஓடியது. அக்கரையில் மேகத்துக்குள் மஞ்சளாக இரண்டு விளக்குகள். எங்கள் கார். இரண்டு கதவும் திறந்து கிடந்தன. உள்ளே யாரும் இல்லை.

"என்னங்க" என்று கூப்பிட்டேன். பலாமரம் "இறங்காதீர்கள்" என்றது. ஈரக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி மட்டும் இன்றுவரை எனக்குச் சிரிப்பாகச் சொல்ல வரவில்லை.

அப்புறம் அக்கரையில் எங்கோ மரங்களுக்குள் இருந்து, "மாலதி… மாலதி…" என்று என்னைக் கூப்பிடும் சரவணனின் குரல் வந்தது.

நடந்தது இதுதான். பாலத்தில் இறங்கப்போன நேரத்தில், வீடு வாசல் எதுவும் இல்லாத அந்தக் காட்டில், ஆள் வந்திருப்பதாக ஒரு பெண் குரல் சொல்லியிருக்கிறது. சரவணன் பிரேக் போட்டுவிட்டார்.

"அம்மிணி குரலாட்ட இருக்குதுங்களே. இங்க எப்படி வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார் பெரியசாமி அண்ணன்.

நான் மேகத்தில் வழி தவறி வந்துவிட்டேன் என்று இருவரும் இறங்கித் தேடியிருக்கிறார்கள். கூப்பிடக் கூப்பிடப் பதிலுக்கு அதே வாக்கியம் வந்ததில் சரவணனுக்கு, மனைவிக்கு என்னமோ ஆகிவிட்டது என்ற பயம் வேறு. அவர்கள் மரம் மரமாகத் தேடிக்கொண்டிருந்தபோது தண்ணீர் பாலத்தை மூடியிருக்கிறது. நான் எழுதிய எச்சரிக்கை அவர்களைக் காப்பாற்றவில்லை. நான் செய்த தப்பு காப்பாற்றியது.

பொழுது சாயும் முன் தண்ணீர் வடிந்தது. இக்கரைக்கு வந்த சரவணன் என்னை நெருங்காமல் கொஞ்சம் தள்ளியே நின்றார். எனக்குத் தலை முதல் கால் வரை சேறு, தலைமுடியில் குச்சிக்கிழங்கு இலை.

"ஏதாவது பேசு" என்றார்.

"என்ன பேசறது?"

"வேற ஏதாவது. அந்தப் படலைப் பத்தி வேண்டாம்."

எண்களை அடுத்த நாளே மாற்றிக் கொடுத்தேன். ஆனால் பொன்னம்மா அக்கா ஒரே பிடியாக நின்றார்: "ஆம்பளைக் குரலாப் போட்டுக் குடுங்க கண்ணு. உங்க குரல் இனி இந்தக் காட்டுல வேண்டாம்." இப்போது அங்கே சரவணன் பேசுகிறார். மேகமும் ஈரமும் சென்சாரை ஏமாற்றிவிட்டன என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அக்கா மட்டும் அந்தப் படல் பக்கம் தனியாகப் போவதை விட்டுவிட்டார்.

எங்கள் வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், மாமியார் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு மகனைக் கூப்பிடுவார்.

"டேய், ஓடைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தின்னு ரெண்டு பேரு பேசுனதாச் சொன்னியே. அதுல எவளைடா கூட்டியாந்தே?"

சரவணன் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார்.

"மேகமா இருந்துச்சும்மா. சரியாத் தெரியல."