தேன் திருடிய கரடி எந்தக் கரை?

அன்பு மச்சான் திஹோமிருக்கு, கோல்பா ஆற்றின் ஸ்லொவேனியக் கரையிலிருந்து உன் அக்காள் புருஷன் லுட்விக் எழுதுவது. நானும் உன் அக்காளும் சுகம். தேனீக்களில் மிச்சம் இருப்பவையும் சுகம். உன் வீட்டிலும் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும்.

மூன்று வருஷமாக நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை. என் ஏழு தேன்பெட்டிகளை உடைத்துத் தின்றது உங்கள் குரோவேஷியாக் கரடிதான் என்று நான் சொன்னதும், "எங்க கரடியெல்லாம் நல்லபடியா வளந்தது அத்தான், திருடாது" என்று நீ போனை வைத்ததும் ஊருக்கே தெரியும். அது யாருடைய கரடி என்று தெரியாமல் எனக்கு மண்டை குடைகிறது. இப்போது தெரிந்துவிடும் போலிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து கரடிகளை எண்ணுகிறார்கள். இதுவரை நாங்கள் தனியாக, நீங்கள் தனியாக எண்ணியதில், ஆற்றை நீந்திக் கடந்த கரடியெல்லாம் இரண்டு கணக்கிலும் ஏறிவிட்டதாம். சேர்ந்து எண்ணலாம் என்று பேசி முடிக்கவே இரண்டு வருஷம், அதில் எட்டு மாதம் கரடிச் சாணம் எடுக்கும் குப்பியில் ஒட்டும் சீட்டில் ஆற்றுக்கு எங்கள் பெயரை முதலில் போடுவதா, உங்கள் பெயரான கூப்பாவைப் போடுவதா என்பதிலேயே போனதாம், கடைசியில் பாதிக் குப்பியில் அது முதல், பாதியில் இது முதல் என்று முடித்தார்களாம். நேஜா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் எங்கள் ஊருக்கு வந்து ஆளுக்குப் பத்துக் குப்பி கொடுத்தாள். கரடிச் சாணத்தில் பட்டாணி அளவு எடுத்து ஸ்பிரிட்டில் போட்டுத் தந்தால், அதிலுள்ள மரபணுவைப் பார்த்து எந்தக் கரடி எங்கே திரிகிறது என்று சொல்லிவிடுவார்களாம். போன மாதம் அந்தத் திருடன் மறுபடி வந்தான். தேன்பெட்டிக்குப் பக்கத்தில் விட்டுப்போனதைத்தான் முதலில் எடுத்தேன். குப்பிகளை ஃப்ரிட்ஜில் புளித்த முட்டைக்கோஸுக்குப் பக்கத்தில் வைத்தது என் தப்புதான். "இனிமே இந்த வீட்ல யாரு சாப்பிடுவா? அந்தக் கரடியையே கூப்பிட்டுப் பந்தி போடுங்க!" என்று உன் அக்காள் இரண்டு நாள் அடுப்பே பற்ற வைக்கவில்லை. அந்தக் களேபரத்தில் ஒரு குப்பி கவிழ, நம் வீட்டு பிளம் சாராயத்தை ஊற்றி நிரப்பினேன். நேஜாவிடம் உண்மையைச் சொன்னேன். "பெரியவரே, அதுல கரடி தெரியாது, பிளம் மரந்தான் தெரியும்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

மச்சான், அறிக்கை எதைச் சொன்னாலும் நான் கட்டுப்படுவேன். உங்கள் கரடி என்றால் வாத்து அடித்துச் சாப்பிடும் மார்ட்டின் திருநாளுக்கு நீ இங்கே வந்து புது ஒயினை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். எங்களுடையது என்றால் நான் அங்கே வந்து கேட்கிறேன். இரண்டு அரசாங்கமே ஒத்துப்போன பிறகு நாம் என்ன பெரிய ஆளா?

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். நீ வளர்க்கும் வாத்துக்குத் திருநாள் வரை நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
லுட்விக்

பி.கு.: உறையை ஒட்டும்போது நேஜா அறிக்கையோடு வந்தாள். திருடன் இல்லை, திருடி. ஆறு குப்பிகளில் அகப்பட்டிருக்கிறாள், ஆறு குப்பியும் இந்தக் கரையில் எடுத்தவை. உங்கள் கரைக் குப்பி ஒன்றில்கூட இல்லை. எனக்கு இந்த விஞ்ஞானத்தில் நம்பிக்கை போய்விட்டது, மறுபடி எண்ணச் சொல்லியிருக்கிறேன். கட்டுப்படுவேன் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். ஆனால் உன் அக்காள் அறிக்கையைப் படித்துவிட்டு என் கோட்டைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறாள். சனிக்கிழமை வருகிறோம். உன்னைப் பார்க்காமல் இருந்தது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அக்கம்பக்கம் பார்க்க வாசலிலேயே என்னைச் சொல்ல வைத்துவிடாதே, உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்து, சொல்லிவிடுகிறேன்.