கார்டு மாமியின் கேட்லாக்

உலகத்தில் வேறெந்த நூலகத்திலும் ‘குக்கர் மூணு விசில்’ என்று ஒரு பொருள் தலைப்பு இருந்திருக்காது. புனேயில், கட்கியில், எங்கள் தமிழ் நூலகத்தில் இருந்தது. மூன்று விசிலுக்குள் படித்து முடிக்கக்கூடிய சிறுகதைகள் அதில் அடங்கும்.

வகுத்தவர் கார்டு மாமி. இயற்பெயர் யாருக்கும் தெரியாது. தொண்ணூறுகளில் மர டிராயர்களில் இருந்த கார்டுகள் அத்தனையும் அவர் கையெழுத்து. ‘டெக்கான் குயின்’ என்றால் ரயிலில் பம்பாய் போய்ச் சேரும் வரை தாங்கும் நாவல். ‘நாத்தனார் வந்திருக்கிறாள்’ என்றால் முகத்தை மறைக்கும் அளவுக்குத் தடித்த புத்தகம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஹிஞ்சேவாடியில் ஐ.டி. வேலை பார்த்த செந்தில் கம்ப்யூட்டரோடு வந்தான்.

“கேட்லாக்னு இப்ப யாரும் சொல்றதில்ல மாமி. டேட்டாபேஸ்.”

மாமி டிராயரில் ‘டேட்டாபேஸ்’ என்று லேபிள் ஒட்டினார். அடுத்த மாதம் அவன் அதையே ‘ஓபேக்’ என்றான். அதன்மேல் இன்னொரு லேபிள்.

“மாசாமாசம் பேர் வெக்கறியே, குழந்தை எப்போடா நடக்கும்?”

நடக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல். திரையில் ஆசிரியர், தலைப்பு, எண் என்று மூன்றே கட்டங்கள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான எங்கள் செயலாளர் தீர்ப்பளித்தார்: “விசில், நாத்தனாரெல்லாம் வேண்டாம். வெளியில சொன்னா சிரிப்பா. கார்டையெல்லாம் பழைய பேப்பர் ரத்தியில போட்டுடலாம்.”

“ஒண்ணொண்ணையும் படிச்சுட்டுதான் எழுதினேன்” என்றார் மாமி.

கம்ப்யூட்டர் கேட்லாக்கின் திறப்பு நாளில் வரிசையில் முதல் ஆள் செயலாளரின் மனைவி.

“நாத்தனார்ல புதுசா எதாவது வந்திருக்கா பாருப்பா.”

“ஆசிரியர் பேர் சொல்லுங்க ஆன்ட்டி.”

“அது யாருக்குத் தெரியும்?”

அடுத்தவர் டெக்கான் குயின் கேட்டார். அதற்கடுத்தவர் விசில். ஆசிரியர் பெயரோ தலைப்போ அறிந்தவர் வரிசையில் ஒருவர்கூட இல்லை. மாமி எங்களை அவ்வளவு முழுமையாகக் கெடுத்து வைத்திருந்தார். கம்ப்யூட்டர் எல்லோருக்கும் கையை விரித்தது.

வாசலில் பழைய பேப்பர்காரரின் கைவண்டி கார்டுகளோடு கிளம்பிக்கொண்டிருந்தது. “அஹோ பாவூ, தாம்பா! தாம்பா!” என்று மராத்தியில் நிற்கச் சொல்லிக் கத்திக்கொண்டு அதன் பின்னால் ஓடியவர் செயலாளரேதான்.

செந்தில் நான்காவது கட்டம் ஒன்றைத் திறந்தான். “இதுக்கு என்ன பேர் வெக்கறது?”

“மாமின்னு போடுப்பா!” என்றது வரிசை.

மாமி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே நேராக இருந்த புத்தகங்களை நேராக்கினார்.

பிறகு மென்பொருள் பலமுறை மாறியது. சர்ச் என்றார்கள், டேக் என்றார்கள். விமான் நகரிலிருந்து எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கும் பிள்ளைகள் வந்து தேடுகிறார்கள். திரையில் இன்றும் ஆசிரியர், தலைப்பு, எண், மாமி. அந்த ஒரு பெயரில் கைவைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.