ராகு காலத்தில் ஒரு கூண்டு

உற்சாகம் தலைக்கேறினால் என் மூளை விடுப்பு எடுத்துக்கொள்ளும். கல்யாணத்துக்கு முன்பு அது நீண்ட விடுப்பில் இருந்தது.

கவிதாவின் அப்பாவுக்கு என்மேல் குறை ஒன்றும் இல்லை. என் ஜீப்பின் மேல்தான். "கோப்பெங் காட்டுல அது கவுந்தா எம்பொண்ணு கதி என்ன தம்பி?" என்று கேட்டார். கவிழ்ந்தாலும் நசுங்காதபடி ஜீப்புக்கு இரும்புக் கூண்டு மாட்டுவதாகச் சொன்னேன். ஞாயிறு ஐந்து மணிக்கு வந்து பார்ப்பார். மனசுக்குப் பிடித்தால் கல்யாணத் தேதி பேசலாம்.

விடுவேனா? ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்து ஓரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த நண்பன் சேகரிடம் ஓடினேன்.

ஜீப்பின் அடிச்சட்டத்தில் தகடுகளை ஒட்டி, அவற்றின் மேல் குழாய்களை நிறுத்தினான் சேகர். கூண்டு எழும்ப எழும்ப எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"கதவுப் பக்கமும் குறுக்க போடு மச்சான். மேலயும் போடு. பின்னாலயும்."

"போதும்லா. இது ஜீப்பு, ஜெயில் இல்ல."

"அங்கிள் பாத்ததும் அசந்துரணும்லா."

ஞாயிறு நாலரைக்கு ராகு காலம். அதற்குள் முடிக்கும் அவசரத்தில், நானே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கடைசிக் குழாயை உள்ளிருந்து பிடித்துக்கொண்டேன். (யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் ஏறினேன்.) சேகர் ஒட்டி முடித்தபோது சரியாக நாலரை.

இறங்கப் பார்த்தேன். தலை போனது, தோள் போனது, வயிறு போகவில்லை. மறுபக்கம், பின்பக்கம், கூரை, எங்கும் நான் கேட்டு வாங்கிய குழாய்கள்.

"வெட்டுடா."

"ராகு காலம் மச்சான். புதுசா ஒட்டுன இரும்ப இப்ப வெட்ட மாட்டேன். ஆறு மணிக்கு வெட்டுறேன். தே குடிக்கிறியா?"

கெஞ்சினேன், திட்டினேன். அவன் தேநீரைக் கம்பிகளுக்கு இடையே நீட்டினான். (குடித்தேன். வேறென்ன செய்ய?)

ஐந்து மணிக்குக் கவிதாவும் அவள் அப்பாவும் வந்த காடி (கார்தான்) பட்டறை வாசலில் நின்றது.

"எறங்கி வாங்க தம்பி," என்றார் கவிதாவின் அப்பா.

"பரவால்ல அங்கிள், உக்காந்தே பேசுறேன்."

கவிதாவுக்கு உடனே புரிந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். (துரோகி.)

அவர் ஜீப்பைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு குழாயையும் பிடித்து ஆட்டினார். குனிந்து அடிச்சட்டத்தைப் பார்த்தார். நிமிர்ந்து என் வயிற்றைப் பார்த்தார். கல்யாணம் போயே போச்சு என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"உறுதியாத்தான் இருக்கு," என்றார். "ஆறு மணிக்கு மாப்பிள்ளைய வெளிய எடுங்க. தேதி பேசலாம்."

மாப்பிள்ளை என்றார்! துள்ளிய துள்ளலில் மேல்குழாயில் நங்கென்று தலை இடித்தது, வலிக்கவே இல்லை.

இப்போதும் உறவில் யாராவது பெண்ணுக்கு வரன் தேடி அலைவதாகச் சொன்னால், மாமா என்னைக் காட்டுவார்.

"நாங்க அலையவே இல்லைலா. எங்களுக்குக் கூண்டோட கெடச்சாரு."